நிழல் விழாமல்

"தம்பிக்கு மூச்சு முட்டுது தாயே. மருந்து சொல்லுங்க. சீக்கிரம்!"

சங்கிலிக்கருப்பன் ஆறடி ஆள். குரல் அதைவிட உயரம். கரட்டு மேல் குடியிருக்கும் செம்பாயி அவனைவிட வயதில் சிறியவள். ஆனாலும் அவள்தான் அவனுக்குக் குரு.

"உன் கையால வாங்கிக் குடிப்பானா?"

அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"அதான் வயித்தெரிச்சல்! நான் வாசல்ல வந்து நின்னாலே மூச்சடைக்குதாம். கதவைச் சாத்திக்கிறான். தோள்ல தூக்கி வளர்த்தவன் தாயே நான்!"

செம்பாயி சரிவைக் காட்டினாள்.

அங்கே கண்டங்கத்திரி தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது. ஊதாப் பூவில் ஒரு வகை, நடுவே வெள்ளைப் பூவில் ஒரு வகை. இலைக்கு இலை முள். இதன் இனத்துச் சுண்டை நிமிர்ந்து வளரும், தூதுவளை வேலியேறும். இதுகள் எழுந்திருப்பதே இல்லை.

"வெள்ளைப் பூவுல ஒரு வேர் எடுத்துட்டு வா. உன் நிழல் அதுமேல விழக்கூடாது. பக்கத்துல கிடக்கிற ஒண்ணு மேலயும் விழக்கூடாது."

"விழுந்தா?"

"மருந்து செத்துப்போகும்."

காலை வெயில். கிழக்கே பார்த்து நின்றான். முதுகுக்குப் பின்னால் ஊதாப் பூக்கள் மேல் நெடுக விழுந்தது நிழல். சுற்றிப்போய் நின்றான். வெள்ளைப் பூ இருண்டது. குனிந்தான். நிழல் குறைந்ததே தவிர, போகவில்லை.

கரட்டடியில் தம்பி சோலையின் வீடு. இருமல் மேலே வரை கேட்டது.

"சனியன் பிடிச்ச நிழல்!"

திடீரென்று இருமல் நின்றது.

"ஐயோ, சோலை!" என்றான் சங்கிலி. குரல் எழும்பவில்லை. அப்படியே மண்ணில் விழுந்தான். செடிகளுக்கு நடுவே இருந்த சந்தில் குப்புறப் படுத்து, மார்பால் நகர்ந்தான். கன்னத்தில் முள் கிழித்தது. கையை மண்ணோடு மண்ணாக நீட்டி வேரைத் தோண்டினான்.

கீழே மறுபடி இருமல் கேட்டது. படுத்தபடியே அழுதுவிட்டான்.

செம்பாயி வேரைக் கழுவி, இடித்து, கொதிக்கவைத்துச் செம்பில் ஊற்றிக் கொடுத்தாள். அவன் ரெண்டு எட்டு வைத்திருப்பான்.

"சங்கிலி. வாசல்ல போய் நின்னு என்ன சொல்லுவே?"

"நிக்க மாட்டேன் தாயே. கீழ உக்காந்துக்குவேன்."