சொன்னபடி செய்கிறவன்

அம்பலத்தடிகளிடம் ஞானம் கேட்டு யாரும் வந்ததில்லை. நாவக்குறிச்சிப் பாளையத்துச் சனங்களுக்கு ஞானத்தைவிட அவசரமான சோலி நிறைய இருந்தது.

"சாமி, என் வீட்டுக்காரர் குறட்டை தாங்க முடியலை."

"அவருக்கு முந்தி நீ தூங்கிரு தாயி."

"மாமியார் எதுக்கெடுத்தாலும் குத்தம் சொல்றா சாமி."

"குழம்பிலே உப்பைக் கூட்டிப் போடு. ஒரே குத்தத்தோட முடிச்சுக்கிடுவா."

அடிகள் தங்கியிருந்த மண்டபமே சிரிக்கும். கவலை தீர்ந்ததோ இல்லையோ, வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அடிகளுக்கு ஒரே சீடர், மாடக்கண்ணு. குருவைவிட வயதில் மூத்தவர். பெண்டாட்டி செத்த பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர்.

மாடக்கண்ணுவின் தங்கை பேச்சி. அவள் புருஷன் சொரிமுத்து. அப்பாவி என்றால் அப்படி ஓர் அப்பாவி. யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்து வைப்பான். அவனும் ஒருநாள் வந்தான்.

"சாமி, கன்னு செத்ததிலேருந்து எருமை விடிய விடியக் கத்துது. கண்ணை மூட முடியலை."

"மணியக்காரர் தொழுவத்திலே கொண்டுபோய்க் கட்டு. அவரு முழிச்சிருக்கட்டும், நீ தூங்கு. விடிஞ்சதும் அவுத்துட்டு வந்திரு."

மணியக்காரர் வரி வரி என்று ஊரையே தூங்கவிடாத ஆள். அதனால் அன்றைக்குச் சிரிப்பு கொஞ்சம் கூடுதல். சொரிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் போய் அப்படியே செய்தான்.

விடிகாலையில் எருமையை அவிழ்க்கும்போது மணியக்காரரின் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். தன் தொழுவத்தில் நின்ற எருமை தன்னுடையதே என்று மணியக்காரர் சாதித்தார். "சாமி சொல்லித்தான் கட்டினேன்" என்று சொரிமுத்து கதறியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எவனாவது தன் எருமையைத் தானே கொண்டுபோய் அடுத்தவன் தொழுவத்தில் கட்டுவானா?

மாட்டுத் திருட்டுக்கு அந்தப் பாளையத்தில் கழுமரம். வெற்றிலை போடும் நேரத்தில் விசாரணை முடிந்துவிட்டது. மறுநாள் உச்சிப்பொழுதில் கழுவேற்றம் என்று தண்டோராவும் போட்டாயிற்று.

மாடக்கண்ணு ஓடிவந்து குருவின் காலில் விழுந்தார்.

"என் தங்கச்சி தாலி உங்க வாயிலே இருக்கு சாமி. விளையாட்டாச் சொன்னேன்னு ராசாகிட்டே ஒரு வார்த்தை சொல்லுங்க."

"எந்திரியும். இப்பவே போவோம்" என்றார் அடிகள்.

பாளையக்காரர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ராணியை வரவழைத்து, "இவளுக்கும் சொல்லுங்க சாமி" என்றார். அடிகள் சொன்னார். ராணியும் சிரித்தாள். படையை நடத்தும் தளவாய் வந்ததும் அவருக்காக இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். சிரிக்கிற மனசு இரங்கிவிடும் என்று நம்பி அதையும் சொன்னார், பாவம்.

"அப்போ சொரிமுத்துவை விட்டிரலாமா மகராசா?"

பாளையக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க சொன்னதுக்குச் சிரிச்சோம், சரி. தண்டோராவும் போட்டுட்டு அவனை விட்டா, ஊரு என்னைப் பார்த்துல்லா சிரிக்கும்?"

"சொன்னவன் நான். என்னை ஏத்துங்க."

"சாமியாரைக் கழுவேத்தின பாவம் எனக்கெதுக்கு?" என்று எழுந்து சாப்பிடப் போய்விட்டார்.

மறுநாள் பொட்டலில் ஊரே கூடிவிட்டது. சாகப்போகிறவன் விரும்பிய ஒருத்தரோடு பேசிக்கொள்ள விடுவது அங்கே வழக்கம். பெண்டாட்டியைக் கேட்பான் என்று நினைத்தார்கள். அவன் சாமியைக் கேட்டான். பேச்சி மண்ணில் கிடந்து புரண்டாள்.

சொரிமுத்து முகத்தில் கோபமே இல்லை. அதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

"சாமி, ரொம்பப் பயமா இருக்கு. பயப்படாம இருக்க ஒரு யோசனை சொல்லுங்க."

கூட்டத்தில் சிலபேர் சிரிக்கத் தயாரானார்கள். அப்படிப் பழகிப்போன சனம்.

அடிகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியலையப்பா" என்றார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு."

சொரிமுத்து சரியென்று தலையை ஆட்டினான். காவல்காரர்கள் வந்து கையை விலக்கினார்கள். அதன்பிறகு அவன் அலறிய அலறலை, காதைப் பொத்திக்கொண்டவர்களும் கேட்டார்கள்.

மண்டபத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் மாடக்கண்ணு அழுதுகொண்டே வந்தார். வந்து சேர்ந்ததும் அழுகை ஆத்திரமாகிவிட்டது.

"ஊருலே ஒருத்தர் விடாம எல்லாருக்கும் யோசனை சொன்னீங்களே! சாகப்போறவனுக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கலையா? ஈசனை நினைச்சுக்கோ, பயம் போயிரும்னு ஒரு பொய்யாவது சொல்லப்படாதா?"

அடிகள் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சொல்லியிருந்தா அப்படியே செய்யப் பார்த்திருப்பான், மாடக்கண்ணு. பயம் போயிருக்காது. சாமி சொன்னதை ஒழுங்காச் செய்யத் தெரியலையேன்னு, கழுவிலே கிடந்துக்கிட்டு என்கிட்டே மன்னிப்புக் கேட்டிருப்பான்."