முகமூடியில் கீறிய தையல்

கனடாவின் ஸ்காபரோவில் யசோதினி ரீச்சரிடம் ஐஸ் ஹொக்கி பழகியவர்களில் வாகீசன்தான் கோலி. வலைக்கு முன்னால் நின்று, பாய்ந்து வரும் ரப்பர் வட்டை உடம்பால் மறிப்பவன். வயது இருபத்தாறு. ஞாயிற்றுக்கிழமை பெரிய அணி ஒன்று அவனை ஆடிக் காட்டச் சொல்லியிருந்தது. அண்மையில் அவனுக்குத் தலையில் அடிபடவில்லை என்று ரீச்சர் ஒரு கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலைப் பயிற்சியில் ஒரு வட்டு அவனுடைய முகமூடியில், நெற்றிக்கு நேரே பட்டது. வாகீசன் விழுந்தான், எழும்பினான், சிரித்தான். பெடியள் தடிகளால் பனியில் தட்டி ஆரவாரித்தார்கள். விழுந்தவன் எழும்பினால் போதும், என்ன ஏது என்று கேட்கிற பழக்கம் எங்கள் ஆட்களுக்கு இல்லை.

உடை மாற்றும் அறையில் அவன் முகமூடியை மடியில் வைத்து, பட்ட இடத்தில் கறுப்பு மையால் தையல் கோடுகள் கீறினான். முகமூடி இல்லாவிட்டால் முகத்தில் விழுந்திருக்கும் தையல். சில கோலிமாரிடம் அப்படி ஒரு பழக்கம் உண்டு.

ரீச்சர் எதிர் வாங்கில் வந்து உட்கார்ந்தார். கையில் அந்தக் கடதாசி.

“ரீச்சர், முகமூடி இல்லாத காலத்துக் கோலிமாருக்குப் பயமே இருக்கேல்லையோ?”

“இருந்தது. பயந்து பயந்துதான் நிண்டவை. அப்ப கோலி விழுந்து மறிக்கக் கூடாது எண்டு சட்டம். ஒருத்தர் சறுக்கின மாதிரி நடிச்சு முழங்காலிலை விழுவாராம். கும்பிடுறார் எண்டு சனம் நக்கலடிக்குமாம்.”

வாகீசன் சிரித்தான்.

“பிறகு சட்டத்தை மாத்திச்சினம். நீர் இப்ப விழுந்து மறிக்கிறது அந்த மனுசன்ரை புண்ணியம்.”

“முகமூடி?”

“அது கனகாலம் பிந்தித்தான் வந்தது. போட்டவரைப் பயந்தாங்கொள்ளி எண்டவை.”

“அதுக்கு முந்தி அடிபட்டால்?”

“ஆட்டத்தை நிப்பாட்டுவினம். வேறை கோலி இல்லை. உள்ளுக்கை கொண்டுபோய்த் தைச்சு அனுப்புமட்டும் எல்லாரும் காத்திருப்பினம். ரத்தம் கண்ணுக்குத் தெரியுமெல்லே.”

“இப்ப ரத்தமே வராது ரீச்சர். வையுங்கோ கையெழுத்தை.”

ரீச்சர் எழுந்து தன் அலமாரியைத் திறந்தார். ஐந்து வருடமாக யாருக்கும் காட்டாத ஒரு வெள்ளை முகமூடியை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தார். அதில் மையால் கீறிய தையல் ஒன்றுகூட இல்லை.

“இது ஆருடையது ரீச்சர்?”

“சுகிர்தன்ரை. உமக்கு முந்தி என்னட்டைப் பழகினவர். மூண்டு தரம் தலையிலை பட்டது. மூண்டு தரமும் எழும்பிச் சிரிச்சவர். மூண்டு தரமும் ஒண்டுமில்லை எண்டு நான்தான் கையெழுத்து வைச்சனான்.”

“இப்ப எங்கை?”

“அஜக்ஸிலை, ஒரு பராமரிப்பு இல்லத்திலை. போன கிழமையும் போனனான். என்னைத் தெரியேல்லை. தன்ரை மகளையும் தெரியாது. வயது முப்பத்தொண்டு.”

வாகீசன் வெள்ளை முகமூடியையே பார்த்தான். இவனுக்காவது விளங்கிவிட்டது என்று ரீச்சர் நினைத்தார். மனதில் ஒரு சின்ன ஆறுதல்கூட வந்தது.

வாகீசன் மைப்பேனாவை எடுத்தான். முகமூடியைத் திருப்பிப் பார்த்தான். சற்று முன் கீறிய தையலுக்குப் பக்கத்திலேயே அதே தையலை மறுபடி கீறினான். பிறகு நிமிர்ந்து, அதே சிரிப்போடு கேட்டான்.

“ரீச்சர், முகமூடி இல்லாத காலத்துக் கோலிமாருக்குப் பயமே இருக்கேல்லையோ?”

ரீச்சர் கடதாசியை இரண்டாகக் கிழித்தார். அவனுக்கு முன்னால் முழங்காலில் நின்று, அவன் கால் கவசத்தின் வாரை அவிழ்க்கத் தொடங்கினார்.

அவன் பக்கத்தில் இருந்த வெள்ளை முகமூடியைத் தூக்கிப் பார்த்தான்.

“இது ஆருடையது ரீச்சர்?”

“ஆட்டத்தை நிப்பாட்டியாச்சு, வாகீசன். மற்றக் காலை நீட்டும்.”