மடவை மீன்கள் தள்ளிவிட்ட படகு

பழவேற்காட்டு ஏலக்கூடத்தில் எத்திராஜுலுவின் வாயில் ஏறின எதுவும் இறங்கியதில்லை. மீனை ஏலம் விடுவது அவர் தொழில். ஒருவர் கேட்டதற்கு மேல்தான் அடுத்தவர் கேட்கவேண்டும். ‘மூணு தரம்’ சொல்லிவிட்டால் அப்புறம் கடலே எழுந்து வந்து கெஞ்சினாலும் பேச்சு மாறாது. அந்த ஒழுங்கிலேயே வளர்ந்த நாக்கு.

இத்தனைக்கும், ஏரிக்கரையில் பிறந்த மனுஷன் படகேறி ஊர்ப் பாலத்தைத் தாண்டியது கிடையாது. தான் விற்ற மீனெல்லாம் எங்கெங்கோ போகிறது, தான் மட்டும் போகவில்லை என்பது கொஞ்ச நாளாக அவரை உறுத்திக்கொண்டிருந்தது. அப்போதுதான் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற பிலோமினா ஒரு துடுப்புப் படகு வாங்கினார். ஏரியில் இறங்கி, பக்கிங்காம் கால்வாயைப் பிடித்து, சென்னைக்குள் புகுந்து வெளியே வந்து, மரக்காணம் பக்கம் கழுவேலி ஏரியில் கரையேறுவதாகத் திட்டம். கேள்விப்பட்டதிலிருந்து எத்திராஜுலுவுக்குத் தூக்கம் போயிற்று. படகில் இரண்டே இடம். முன்னால் டீச்சர். பின்னால் உட்கார அவரும் ஐஸ் கடை தேவசகாயமும் போட்டி.

டீக்கடை பெஞ்சில் டீச்சர் வரைபடத்தை விரித்தார். “வழி தெரிஞ்சவங்கதான் எனக்கு வேணும்.”

“நான் போயிட்டு வந்த வழிதானே டீச்சர்,” என்றார் எத்திராஜுலு. சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது.

“எப்போ போன?” என்றார் தேவசகாயம்.

“நீ ஐஸ் உடைச்சிட்டிருந்தப்போ.”

“ஏரியில பாதி இடம் முழங்கால் தண்ணிதானே அண்ணே,” என்றார் டீச்சர். “படகு சேத்துல உக்காந்திருக்குமே?”

“உக்காந்துச்சு. நான் இறங்கவே இல்ல. அடியில மடவை மீனுங்க கூட்டமா நின்னுச்சுங்க. ‘ஏலக்காரன் இங்கயே நின்னா நம்மள வித்துடுவான்’னு அதுங்களுக்குள்ள பேசி, முதுகு குடுத்து, கால்வாய் வாசல் வரைக்கும் தள்ளிவிட்டுடுச்சுங்க.”

“மீன் பேசுச்சு?”

“உன்கிட்ட வர்றது எல்லாம் செத்த மீனு. உனக்கு எப்படித் தெரியும்?”

டீச்சர் சிரிக்கவில்லை. “சென்னைக்குள்ள அந்த நாத்தம்?”

“எண்ணூர்ல மூச்சை இழுத்தேன். முட்டுக்காட்டுலதான் விட்டேன்.”

“நடுவுல யாராச்சும் பேர் கேட்டா?” என்றார் தேவசகாயம்.

“சைகை காட்டுனேன்.”

“பாலமெல்லாம் தாழ்வா இருக்குமே?” என்றார் டீச்சர்.

“அதைக் கொசுங்க பாத்துக்கிச்சு. மூச்சை அடக்கி நான் பந்து மாதிரி இருந்தேனா, கடிச்சா எறங்கல. சரி, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிதானமா பாத்துக்கலாம்னு படகோட தூக்கிச்சுங்க. கனம் தாங்கல. பாலத்துக்கு அந்தாண்ட போட்டுட்டுப் போயிடுச்சுங்க.”

பெஞ்சில் இடம் போதாமல் சிலர் நின்றுகொண்டே கேட்டார்கள். டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதே நிறுத்தி, ‘எனக்கு ஆசையா இருக்கு, கூட்டிட்டுப் போங்க’ என்று சொன்னால் போதும் என்று எத்திராஜுலுவுக்கும் தோன்றத்தான் செய்தது. வாயைக்கூடத் திறந்தார்.

“அவ்வளவுதானா?” என்றார் தேவசகாயம்.

அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க எத்திராஜுலுவுக்குப் பழக்கமில்லை.

“முட்டுக்காட்டுல மூச்சை விட்டேன்னு சொன்னேன்ல? அந்தக் காத்துல படகு என்னை உட்டுட்டுக் கிளம்பிடுச்சு. நான் பின்னாலயே நடந்தேன்.”

“கரையிலயா?”

“தண்ணி மேலதான். படகு மரக்காணம் வந்து சேர்றப்போ நான் குளிச்சுட்டுத் தலை துவட்டிட்டிருந்தேன்.”

தேவசகாயம் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். “அப்போ உனக்குப் படகே தேவையில்ல.”

“படகு எனக்கு இடைஞ்சல்யா.”

“ஒரு தரம்,” என்றார் தேவசகாயம்.

எத்திராஜுலு அவசரமாகக் குறுக்கிட்டார். “இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

“ரெண்டு தரம்.”

இரண்டாம் தரத்துக்குப் பிறகும் மேலே கேட்கலாம். கீழே கேட்க முடியாது. இந்தச் சட்டத்தைச் சொல்லி எத்தனை பேர் வாயை அவரே அடைத்திருக்கிறார்! மேலே போகலாம் என்றால், தண்ணீரில் நடந்தாயிற்று. இனி வானம்தான் பாக்கி. அவர் நிமிர்ந்து ஒரு தடவை அதையும் பார்த்தார்.

“மூணு தரம்.” தேவசகாயம் டம்ளரால் பெஞ்சைத் தட்டினார். நின்றவர்கள் எல்லாரும், சரிதான் என்று தலையாட்டினார்கள்.

டீச்சர் வரைபடத்தை மடித்தார். “அப்போ தேவசகாயம் அண்ணன் என்கூட வரட்டும். எத்திராஜண்ணே, நீங்க எப்படியும் எங்களுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடுவீங்க. சோறாக்கி வைங்க.”

எத்திராஜுலு ஆறிப்போன டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

“ஆக்கி வைக்கறேன் டீச்சர். மடவைக் குழம்பு மட்டும் கேக்காதீங்க. அன்னிக்குத் தள்ளிவிட்ட மீனுங்க.”