வெள்ளிக் கேமராவும் நெளிஞ்ச கேமராவும்

ஒரு ஊர்ல ஒரு அக்கா, ஒரு தங்கச்சி. ம் கொட்டு. நீ ம் கொட்டினாத்தான் கதை நடக்கும், இல்லேன்னா நின்ன இடத்துலயே நின்னுக்கும். போர்வைய இழுத்துக்கோ. சிலுவை போட்டாச்சா? சரி.

ஊரு தூத்துக்குடி. அக்கா பேரு ஜெசிந்தா, தங்கச்சி பேரு புளோரா. ரெண்டு பேருக்கும் ஒரே தம்பி, லிகோரி. அவங்க அம்மா மிக்கேலம்மா. அந்த அம்மாவுக்குப் படம் எடுத்தா ஆகாது. யாராவது கேமராவோட வந்தா முந்தானையால முகத்த மூடிக்கிட்டு விறுவிறுன்னு அடுப்பங்கரைக்குள்ள போயிருவா. "இந்த மூஞ்சிக்குப் படம் ஒண்ணுதான் கேடு"ம்பா. அதனால அந்த வீட்டுல அம்மாவுக்குன்னு ஒரு படம்கூடக் கிடையாது.

அப்புறம் ஒருநாள், கப்பல்ல வேலை பார்த்த பெர்க்மான்ஸ் மாமா வந்தார். வயசாயிருச்சுன்னு கப்பல விட்டு இறங்கிட்டார். தகரப் பெட்டியத் தொறந்தார். க்ரீச்! உள்ள ரெண்டு கேமரா. பிலிம் சுருள் போட்டு எடுக்கிற அந்தக் காலத்துக் கேமரா. ரேஞ்ச்ஃபைண்டர்னு பேரு சொன்னார்.

ஒண்ணு வெள்ளி மாதிரி பளபளன்னு இருந்துச்சு. ஒரு கீறல் கிடையாது. தோல் உறை, உள்ள மெத்துன்னு துணி, கண்ணாடிக்குக் கறுப்பா ஒரு மூடி. இன்னொண்ணு கறுப்புக் கேமரா. பெயிண்ட் தேய்ஞ்சு மூலையெல்லாம் பித்தளை பல்லக் காட்டுது. தலையில ஒரு நெளிசல். அதோட மூடி எந்தக் கடல்ல விழுந்துச்சோ, இல்ல.

"வச்சு அழகு பார்க்கிறதுன்னா வெள்ளி"ன்னார் மாமா. "படம் எடுக்கிறதுன்னா கறுப்பு. அது உழைச்சுப் பழகுன உசுரு. மூத்தவ முதல்ல எடு."

ஜெசிந்தாவுக்கு எது எடுக்கணும்னு உண்மையிலேயே தெரியல. பக்கத்துல பார்த்தா. புளோராவோட கண்ணு வெள்ளி மேல போச்சு. அது போதும் ஜெசிந்தாவுக்கு! லபக்குன்னு வெள்ளிய எடுத்து மடியில வச்சுக்கிட்டா.

ம்?

ம். அப்புறம் மாமா சொல்லிக் கொடுத்தார். "இந்தா, மேல இருக்கிற இந்த ஜன்னல் வழியாப் பாரு. நடுவுல ஒரு மஞ்சள் பொட்டு தெரியுதா? அதுக்குள்ள எதிர்ல இருக்கிற ஆளு ரெண்டு ஆளாத் தெரிவாங்க. இந்த வளையத்தத் திருகு. ரெண்டு ஆளும் நகர்ந்து நகர்ந்து ஒரே ஆளாச் சேரணும். சேர்ந்துட்டா தூரம் சரி. அப்போ அமுக்கு. ஆனா ஒண்ணு, நீங்க பார்க்கிறது மேல் ஜன்னல். படம் விழுறது கீழ இருக்கிற கண்ணாடி வழியா. ரெண்டும் வேற வேற வழி. மறந்திராதீங்க."

புளோரா கேட்டுக்கிட்டா. ஜெசிந்தா தோல் உறைக்குப் பொத்தான் போட்டுக்கிட்டு இருந்தா.

அப்போலேர்ந்து வெள்ளிக் கேமரா அலமாரியில. தினமும் காலையில ஜெசிந்தா அத எடுத்து, ஜன்னலையெல்லாம் மெத்துத் துணியால துடைச்சு, மூடி மாட்டி, திரும்ப வைப்பா. பிலிமே போட்டதில்ல. புளோராவோ நெளிஞ்ச கேமராவத் தோள்ல மாட்டிக்கிட்டுத் தெருத்தெருவாப் போனா. கிளிக்! வலை பின்னுறவங்க. கிளிக்! உப்பளத்துல குடை பிடிச்சிட்டு நிக்கிற ஆடு.

ஆடு குடை பிடிக்குமான்னு கேக்கிறியா? குடைக்குக் கீழ நின்னுச்சு, அவ்வளவுதான். தூங்காம கேக்கிற கேள்வியப் பாரு!

அப்போ முதல்ல பக்கத்து வீட்டு சந்தியாக்கா வந்தா. "புளோரா, என் பேரன எடுத்தியே, படத்துல அப்படியே உசுரோட இருக்கான்டி!"ன்னா. ஜெசிந்தாவுக்கு நெஞ்சுக்குள்ள சுருக்னுச்சு. உள்ள போய் வெள்ளியத் துடைச்சா, சரக் சரக்.

அப்புறம் கோயில் சாமியார் வந்தார். "தேர்த் திருவிழாவ புளோரா எடுத்தது மாதிரி யாரும் எடுக்கல"ன்னார். ஜெசிந்தாவுக்கு சுருக் சுருக்னுச்சு. சரக் சரக் சரக்.

மூணாவதா அவங்க அம்மா, எதையும் வாய் விட்டுச் சொல்லாத அம்மா, ஆட்டுப் படத்தப் பார்த்துட்டு, "இவ கையில என்னமோ இருக்கு"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அன்னைக்கு ஜெசிந்தாவுக்குச் சோறு இறங்கல. குழம்பு நல்லாயில்லன்னு தட்ட நகர்த்திட்டா. குழம்பு வச்சது புளோரா. நல்லாத்தான் இருந்துச்சு.

பொறாமைக்குப் பசி எடுக்காது, தெரியுமா. அது ஆளத்தான் தின்னும்.

அப்புறம் லிகோரிக்குக் கப்பல்ல வேலை கிடைச்சுது. சாயங்காலம் தோணி ஏறிப் போய், தூரத்துல நிக்கிற கப்பல்ல ஏறணும். திரும்பி வர எத்தனை காலமோ. அவன் அம்மா கிட்ட வந்து நின்னான். "அம்மா, எனக்குப் பணியாரம் வேண்டாம், ஊறுகாய் வேண்டாம். உன் படம் ஒண்ணு வேணும்."

அம்மா முந்தானையத் தூக்கினா, முகத்த மூட. பாதியில நிறுத்திட்டா. "சரி. ஒரே ஒரு தடவைதான். காலையிலயே எடுத்திருங்க."

அவ்வளவுதான்! "நான் எடுக்கேன்!"ன்னா புளோரா.

"மூத்தவ நான் இருக்கேன். நீ எதுக்குட்டி?"ன்னா ஜெசிந்தா. "உன் ஓட்டைப் பெட்டியில அம்மாவ எடுக்கணுமாக்கும்!"

"ஆமா, உன் கேமராவுக்கு வெயில்னா என்னன்னாவது தெரியுமா? அலமாரிப் பூச்சி!"

லிகோரிதான் வெள்ளிக் கேமராவுக்குப் பிலிம் மாட்டிக் கொடுத்தான். அம்மா கிணத்தடியில நாற்காலி போட்டு உட்கார்ந்தா. புளோராவும் கறுப்பத் தூக்கிக்கிட்டு வந்து நின்னா. ஜெசிந்தா முழங்கையால ஒரு இடி இடிச்சா. தள்ளுடி! கறுப்புக் கேமரா கை நழுவி, கிணத்துக் கல்லுல டொம்! புளோரா எடுத்து ஜன்னல் வழியாப் பார்த்தா. பொட்டுக்குள்ள ரெண்டு அம்மா. திருகினா, திருகினா. ரெண்டு அம்மாவும் சேரவே இல்ல.

ஜெசிந்தா திரும்பிக்கூடப் பார்க்கல. வெள்ளி ஜன்னல்ல கண்ண வச்சா. அடேயப்பா, என்ன தெளிவு! திருகினா, ரெண்டு அம்மா ஒரே அம்மா ஆயிட்டாங்க. கிளிக். கிளிக். கிளிக். பிலிம் தீருற வரைக்கும் எடுத்தா. கடைசிக் கிளிக் மட்டும் கிள்...ளிக்னு இழுத்துச்சு.

ஆனா கண்ணு, கீழ இருக்கிற கண்ணாடி மேல என்ன இருந்துச்சு தெரியுமா?

மூடி! கறுப்பு மூடி! தினமும் மாட்டி மாட்டிப் பழகின கை, கழற்ற மறந்துபோச்சு. மேல் ஜன்னல்ல எல்லாம் தெரியும். கீழ மட்டும் கும்மிருட்டு.

அத யாரு பார்த்தா? புளோரா பார்த்தா. நல்லாப் பார்த்தா. வாயத் தொறந்தா. கையில நெளிஞ்சு கிடக்கிற கேமராவப் பார்த்தா. வாய மூடிக்கிட்டா.

ம்? முழிச்சிட்டியா? ஆமா, அவளுக்கும் பொறாமைதான். நல்லவளுக்கு வராதுன்னு நினைச்சியா? ஜெபம் பண்ணுற மனசுக்குள்ளயே அது வந்து உட்கார்ந்துக்கும்.

அப்புறம் ஸ்டுடியோ அண்ணாச்சி மத்தியானம் பிலிமக் கழுவித் தூக்கிப் பிடிச்சார். ஒண்ணுமே விழாம, கண்ணாடி மாதிரி இருக்கு. அந்தப் பக்கம் நிக்கிற ஜெசிந்தா முகம்தான் தெரியுது. "மூடியக் கழட்டுனியாம்மா?"ன்னார்.

ஜெசிந்தா வீட்டுக்கு வந்து படியில உட்கார்ந்து அழுதா. லிகோரி தன் பெட்டியத் தொறந்தான். பெட்டியில படத்துக்குன்னு வச்சிருந்த இடத்துல ஒரு துண்ட மடிச்சு வச்சான். அதப் பார்க்கத்தான் முடியல.

அம்மா சொன்னா: "கறுப்பா வட்டமா ஒண்ணு என்னையே பார்த்துச்சே, அதுதான் அதோட கண்ணுன்னு நினைச்சேன்."

அப்போ புளோரா, "நான் பார்த்தேன். மூடி இருந்தத நான் பார்த்தேன்"ன்னா.

"பார்த்தியா? பார்த்துட்டா சும்மா இருந்த?"ன்னா ஜெசிந்தா.

"நீ இடிச்சியே!"

"இடிச்சா? அதுக்கு லிகோரிக்கு அம்மா படம் இல்லாமப் பண்ணுவியா?"

புளோரா நெளிஞ்ச கேமராவ முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டா. ஜெசிந்தா தன் முழங்கையத் தேய்ச்சுக்கிட்டா. ஏன்னா முதல்ல இடிச்சது அவ. ரெண்டு பேரும் தரையப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. அம்மா எழுந்தா. மூஞ்சியக் கழுவினா. பேசாமப் போய்த் திரும்பவும் கிணத்தடி நாற்காலியில உட்கார்ந்தா. ஒரே தடவைன்னு சொன்ன அம்மா!

லிகோரி ஓடிப்போய் இன்னொரு பிலிம் வாங்கிட்டு வந்தான். பிலிம் போடுறதுக்கு முன்னால ஜெசிந்தா வெள்ளிய அமுக்கிப் பார்த்தா. சத்தமே இல்ல. திரும்ப அமுக்கினா. ம்ஹூம். ஓடாமலே கிடந்து உள்ள எண்ணெய் இறுகிப்போச்சு. காலையில ஓடுனதே பெரிசு. சரின்னு கறுப்ப எடுத்தா புளோரா. அமுக்கினா கிளிக்குனு அடிக்குது, ஆனா ஜன்னல்ல ரெண்டு அம்மா. சேரல. மேல பார்த்தா வானம் மூடிருச்சு. கடுகடுன்னு மேகம்.

"குத்துமதிப்பா எடேன்"னான் லிகோரி.

"வெயில் இருந்தா எடுத்திருவேன். இப்போ வெளிச்சம் பத்தாது, கண்ணாடிய அகலத் தொறக்கணும். அப்போ தூரம் கொஞ்சம் தப்பினாலும் அம்மா முகம் கலங்கிரும்"ன்னா புளோரா. அவ குரலும் கலங்கிருச்சு.

ஒரு கேமராவுக்குப் பார்வை இருக்கு, கை இல்ல. இன்னொண்ணுக்குக் கை இருக்கு, பார்வை இல்ல.

அப்போ ஜெசிந்தா வெள்ளிய எடுத்தா. தினம் தினம் துடைச்ச ஜன்னல், மேகத்துலயும் பளிச்னு இருந்துச்சு. வளையத்தத் திருகினா. ரெண்டு அம்மா நகர்ந்து நகர்ந்து ஒண்ணாயிட்டாங்க. வளையத்து மேல எழுதியிருக்கிற அளவுல தூரம் என்னன்னு பார்த்தா. தங்கச்சி பக்கம் திரும்பினா. சொன்னா:

"ஏட்டி, இந்தா, எனக்கு இங்க நிக்குது. உன் வளையத்த அதே இடத்துல வை. எனக்குப் பக்கத்துலயே நில்லு, முன்ன போகாத, பின்ன போகாத."

புளோரா பிலிமக் கறுப்புல போட்டுக்கிட்டுப் பக்கத்துல வந்து நின்னா. தோளோட தோள். காலையில இடிச்ச அதே முழங்கை, இப்போ ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. "வச்சுட்டேன்க்கா."

"அம்மா அசையாத... இப்போ!"

கிளிக்.

ம்...

அப்புறம் சாயங்காலம். தோணி கிளம்புது. லிகோரி தோணிக்குள்ள ஒரு கால் வச்சுட்டான். அப்போ திடுதிடுன்னு ஓடி வர்றார் ஸ்டுடியோ அண்ணாச்சி, கையில ஈரம் சொட்டச் சொட்டப் படம். லிகோரி வாங்கிப் பார்த்தான். அம்மா சிரிச்சுக்கிட்டு இருந்தா. முந்தானை இல்லாம, முழு முகமா, பல்லு தெரியச் சிரிச்சுக்கிட்டு இருந்தா. ஒரு முடி கலங்கல.

"யாரு எடுத்தது?"ன்னான் லிகோரி.

ரெண்டு பேரும் ஒண்ணா வாயத் தொறந்தாங்க. அம்மா முந்திக்கிட்டா. "இதுக ரெண்டும் சண்டை போடாம ஒட்டிக்கிட்டு நின்னதப் பார்த்தேனா, சிரிப்பு வந்திருச்சு. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாதுப்பா."

லிகோரி ஈரப் படத்தக் காத்துல ஆட்டிக்கிட்டே போனான். தூரமாப் போற வரைக்கும் அது வெள்ளையாத் தெரிஞ்சுது.

வீட்டுக்குத் திரும்புற வழியில, "நான் தூரம் பார்க்கலேன்னா என்ன ஆகியிருக்கும்?"ன்னா ஜெசிந்தா.

"நான் அமுக்கலேன்னா?"ன்னா புளோரா.

பொறாமை அவ்வளவு சீக்கிரம் விட்டுப் போகாது. வாசல் வரைக்கும் கூடவே வந்துச்சு. ஆனா வீட்டுக்குள்ள போனதும் ஜெசிந்தா அலமாரியத் தொறந்து, வெள்ளிக்குப் பக்கத்துல இடம் ஒதுக்கினா, நெளிஞ்சது உட்கார. அப்புறம் கறுப்பு மூடிய எடுத்தா. கிணத்தடிக்குப் போனா. பொளக்!

கேட்டுச்சா? கேக்கலையா? தூங்கிட்டியா கண்ணு?

லிகோரி கடலுக்குப் போயாச்சு, கதை கிணத்துக்குள்ள போயாச்சு. மாதா பார்த்துக்குவா. நீயும் தூக்கத்துக்குள்ள போ.