கொன்றைக் காட்டின் கருநெய்க் கிணறு

கொன்றைக் காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. குளத்துக்கு மேலே ஒரு சரிவு. அந்தச் சரிவில் மண்ணைக் கிளறினால் கறுப்பாக ஓர் எண்ணெய் கசியும். விலங்குகள் அதைக் கருநெய் என்றன. அதன் நாற்றம் குடலைப் புரட்டும். ஆனால் ஒருமுறை உடம்பில் பூசிக்கொண்டால் பத்து நாளைக்கு உண்ணி ஒட்டாது, ஈ மொய்க்காது.

அங்கே முதலில் கிணறு தோண்டியவை மலைக்கு அப்பாலிருந்து வந்த காட்டுப்பன்றிகள். மண் சரியாமல் இருக்கக் கிணற்றின் உள்ளே சுற்றிலும் மூங்கில் தடுப்பு வைத்தன. ஊறிய எண்ணெயைச் சுரைக்குடுக்கைகளில் நிரப்பி மலைக்கு அப்பால் கொண்டுபோயின. குடுக்கையின் வெளியே வழிந்ததை நக்கி எடுத்துப் பூசிக்கொள்வதுதான் கொன்றைக் காட்டுக்குக் கிடைத்த பங்கு.

பல வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் காட்டு விலங்குகள் எல்லாம் திரண்டு கிணற்றைச் சுற்றி நின்றன. முன்னால் நின்றது திமிலன் என்ற காட்டெருமை.

"இது எங்க மண்ணு. இனிமே கிணறும் எங்களோடதுதான்" என்றது திமிலன்.

பன்றிகளின் தலைவன் கோரையன், அத்தனை கொம்புகளையும் ஒரு பார்வை பார்த்தது. சண்டை போட்டு ஜெயிக்க முடியாது என்று அதற்குப் புரிந்துவிட்டது.

"எடுத்துக்குங்க" என்றது. "கிணறு தோண்டுறது ஒரு வேலை. அதை வச்சுக் காப்பாத்துறது இன்னொரு வேலை. போகப் போகத் தெரியும்."

பன்றிகள் போய்விட்டன. காடே விழா எடுத்து ஆடிப் பாடியது. திமிலனைத் தலைவனாக்கியது. கிணற்றின் பொறுப்பைச் செதிலி என்ற எறும்புத்தின்னியிடம் கொடுத்தார்கள். பன்றிகளிடம் கூலிக்கு மண் தோண்டிய செதிலிக்கு மட்டும்தான் கிணற்றின் உள்பக்கம் அத்துப்படி.

செதிலி அதிகம் பேசாது. காலையில் கிணற்றுக்குள் இறங்கினால் உச்சி வெயிலுக்குத்தான் மேலே வரும். கீழே படியும் மணலை வாரும். மக்கிய மூங்கிலைத் தட்டிப் பார்த்தே கண்டுபிடிக்கும். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், சில குடுக்கைக் கருநெய்யை வடக்குக் காட்டு யானைகளுக்குக் கொடுத்து, பதிலுக்குப் புது மூங்கில் வாங்கும். மற்றதெல்லாம் காட்டுக்கு.

நல்ல காலம் அது. மான்களின் தோல் மினுமினுத்தது. முயல்கள் காது மயிரைக் கருநெய் தடவிப் படிய வாரிக்கொண்டன. சொறிந்துகொள்ள வேலை இல்லாததால் குரங்குகள் அரசியல் பேசத் தொடங்கின.

பிறகு திமிலனைத் தேடி ஒவ்வொருவராக வந்தார்கள்.

முதலில் வந்தது அதன் மைத்துனன் குட்டைக்கொம்பன். "மச்சான், நான் சும்மாதானே இருக்கேன்? கிணத்துல ஒரு வேலை போட்டுக் குடுங்க."

"உன்னால கிணத்துக்குள்ள இறங்க முடியாதே" என்றது திமிலன்.

"இறங்கவா கேட்டேன்? எட்டிப் பார்க்கிறேன்."

குட்டைக்கொம்பன் எட்டிப்பார்க்கும் அதிகாரி ஆனது. அடுத்து, விழாவில் திமிலனைப் புகழ்ந்து அகவிய மயில் வந்தது. அதற்கு, குடுக்கைகள் அழகாக இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலை. கருநெய் வாங்கும் வரிசையில் யாரும் முந்தாமல் பார்க்க இரண்டு குரங்குகள். அந்தக் குரங்குகள் முந்தாமல் பார்க்க மூன்றாவது குரங்கு. ஒரு மழைக்கும் மறு மழைக்கும் இடையில் பன்னிரண்டு அதிகாரிகள் சேர்ந்துவிட்டார்கள். கீழே இறங்கி வேலை செய்தது செதிலியும் சாம்பன் என்ற கீரியும் மட்டும்தான். அதிகாரிகள் எல்லோருக்கும் தினம் ஒரு குடுக்கை கருநெய் போனது.

மழை நெருங்கியது. செதிலி திமிலனிடம் வந்தது.

"அண்ணே, கீழ்வரிசை மூங்கில் மக்கிப்போச்சு. யானைகளுக்குக் குடுக்கை அனுப்பணும்."

"இந்த வருஷம் விழா இருக்கேம்மா. ஆளுக்கு ரெண்டு குடுக்கைன்னு சொல்லிட்டேன். அடுத்த வருஷம் பார்க்கலாம்."

அடுத்த வருடம் மறுபடி யார் தலைவன் என்று காடு கூடி முடிவு செய்ய வேண்டியிருந்தது. திமிலன் ஆளுக்கு மூன்று குடுக்கை என்றது. காடு கைதட்டியது. செதிலி மறுபடி வந்தது.

"அண்ணே, மேல்வரிசையும் ஆடுது. கிணறு சரிஞ்சா சரிவுல இருக்கிற எண்ணெய் மொத்தமும் குளத்துக்குத்தான் போகும்."

பக்கத்தில் நின்ற குட்டைக்கொம்பன் சிரித்தது. "நான் தினமும் எட்டிப் பார்க்கிறேன் மச்சான். ஒண்ணுமே இல்லை. இருட்டாத்தான் இருக்கு."

"அதுக்குள்ள இறங்கிப் பாருங்க, தெரியும்" என்றது செதிலி.

திமிலனுக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் இப்படிப் பேசலாமா? அன்றைக்கே செதிலியைக் கிணற்றிலிருந்து மாற்றி, விருந்தாளிகளை வரவேற்கும் இடத்தில் போட்டது. கொன்றைக் காட்டுக்கு விருந்தாளிகளே வருவதில்லை. செதிலி ஒரு புற்றின் ஓரமாகச் சுருண்டு படுத்து, வராத விருந்தாளிகளுக்காகக் காத்திருந்தது. காட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மூன்றாவது குடுக்கை கிடைக்கிற நேரம் அது.

ஐந்து நாள் விடாமல் மழை பெய்தது. ஆறாம் நாள் காலையில், சாம்பன் உள்ளே மணல் வாரிக்கொண்டிருந்தபோது, மூங்கில் படபடவென முறிந்தது. கிணறு உள்வாங்கியது. சாம்பன் மண்ணுக்கடியில் மாட்டிக்கொண்டது.

பன்னிரண்டு அதிகாரிகளும் ஓடிவந்தார்கள். யார் யாருக்கு உத்தரவு போடுவது என்று அவர்களுக்குள் பேச்சு நீண்டது. குட்டைக்கொம்பன் எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்க்க அங்கே கிணறே இல்லை.

சத்தம் கேட்டுச் செதிலி வந்தது. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராகச் சரிவின் பக்கவாட்டுக்குப் போய்க் குடையத் தொடங்கியது. அரை ஆள் ஆழம் போனதும் ஒரு பாறை தடுத்தது.

"அண்ணே, இங்க வாங்க. தலையை வச்சுத் தள்ளுங்க" என்று கத்தியது.

திமிலன் வந்தது. பாறையில் நெற்றியை வைத்துத் தள்ளியது. நெற்றி கிழிந்தது, பாறை நகர்ந்தது. செதிலி அந்த இடுக்கில் நுழைந்து, சாம்பனின் வாலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டது. சாம்பனுக்கு ஒரு கால் ஒடிந்திருந்தது. உயிர் இருந்தது.

ஆனால் சரிவில் இருந்த கருநெய் வழி மாறி ஓடியது. மாலைக்குள் குளம் பாதி கறுத்துவிட்டது. தவளைகள் கரையேறி மேலெல்லாம் பிசுபிசுக்க உட்கார்ந்திருந்தன. மான் கன்றுகள் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தாயிடம் திரும்பின.

செய்தி மலை தாண்டிப் போயிற்று. மூன்றாம் நாள் கோரையன் தன் கூட்டத்தோடு வந்துவிட்டது.

"குளத்தைச் சுத்தம் பண்ணித் தர்றோம். கிணத்தையும் எடுத்துக் கட்டுறோம். கிணறு மறுபடி எங்களோடது. சம்மதமா?"

தாகத்தில் இருந்த காடு முணுமுணுத்தது. "குடுத்துடலாம். நம்மளால முடியாது" என்றது மயில்.

கோரையன் செதிலியிடம் திரும்பியது. "நீ எங்ககூட வா. உன்னை மூலையில உட்கார வச்சவங்களுக்காக நீ ஏன் கஷ்டப்படணும்? உன் வேலையோட அருமை எங்களுக்குத் தெரியும்."

செதிலிக்கும் மனம் நொந்துதான் இருந்தது. புற்றோரம் படுத்திருந்த நாட்களில் தன்னை எட்டிப் பார்க்க ஒருவரும் வராதது நினைவுக்கு வந்தது. பிறகு மெதுவாகச் சொன்னது:

"வேலை கத்துக்குடுத்தது நீங்கதான். அதை மறுக்கலை. ஆனா நீங்க இருந்தப்போ என் பிள்ளை உண்ணி கடிச்சே செத்துச்சு. கிணத்துல வேலை பார்த்த எனக்கே ஒரு குடுக்கை நீங்க தரலை. இவங்க கிணத்தைக் கெடுத்தாங்க. கெட்டதைச் சரி பண்ணிக்கலாம்."

திமிலன் முன்னால் வந்தது. நெற்றிக் காயம் இன்னும் ஆறவில்லை.

"தப்பு என்னோடது. செதிலி ரெண்டு தடவை சொல்லிச்சு. கேட்கப் பிடிக்கலை, அதனால கேட்கலை. இனிமே என்ன செய்யணும்னு நீயே சொல்லும்மா."

"எட்டிப் பார்க்க யாரும் வேண்டாம். இறங்க ஆள் வேணும்" என்றது செதிலி. "ஒவ்வொரு கூட்டமும் முறை வச்சு ஒருத்தரை அனுப்பணும். மூங்கில் வந்த பிறகுதான் விழா. கிணத்துல யார் வேலை பார்க்கிறதுன்னு தலைவர் முடிவு பண்ணக் கூடாது. வேலை தெரிஞ்சவங்க முடிவு பண்ணட்டும்."

"குளம்?" என்றது ஒரு தவளை.

"குளத்துக்கு மேல வாய்க்கால் வெட்டி எண்ணெயைத் திருப்பி விடலாம். எல்லாரும் வந்தா நாலு நாள் வேலை."

முதலில் இரண்டு முயல்கள் வந்தன. பிறகு மான்கள் வந்தன. குரங்குகள் மூன்றும், யார் யாருக்கு முன்னால் என்று பார்க்காமல், மண் சுமந்தன. குட்டைக்கொம்பன் கொஞ்ச நேரம் தள்ளி நின்றது. திமிலன் ஒரு பார்வை பார்த்ததும் அதுவும் வந்து கொம்பால் மண்ணைக் குத்திப் பெயர்த்தது. கோரையன் அரை நாள் நின்று வேடிக்கை பார்த்தது. பிறகு மலை ஏறிப் போய்விட்டது.

நான்கு நாள் என்றது ஒன்பது நாள் ஆயிற்று. குளம் முழுதாகத் தெளிய இரண்டு மழைக்காலம் பிடித்தது. அதுவரை விலங்குகள் தூரத்து ஓடைக்கு நடந்துபோய்த் தண்ணீர் குடித்தன. அந்த வருடம் காட்டில் விழா நடக்கவில்லை. வாய்க்காலில் சேர்ந்த கருநெய்யில் யானைகளுக்குப் போக ஆளுக்கு அரைக் குடுக்கைதான். எல்லோரும் கொஞ்சம் சொறிந்துகொண்டார்கள், ஆனால் யாரும் குறை சொல்லவில்லை. யானைகள் புது மூங்கிலோடு வந்த அன்று, சரிந்த கிணற்றைத் தோண்டி எடுக்க முதலில் இறங்கும் முறை மயிலுக்கு வந்தது. தோகையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு அது இறங்கியது.

எல்லோருக்கும் சொந்தமான ஒன்றில் பங்கு கேட்க எல்லோரும் வந்து, பாடுபட ஒருவரும் வராவிட்டால், அது யாருக்குமே இல்லாமல் போய்விடும்.