மரிக்கொழுந்தின் ‘ம்’

மரிக்கொழுந்து என்ற கழுதை புங்கமரத்தடியில் கொள்ளில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கழுதைக்குக் கை ஏது? உதட்டால்தான் பொறுக்கினாள். தேக்கிலையில் கொள்ளைப் பரப்பி, மூக்கால் ஊதி உமியைப் பறக்கவிட்டு, கல்லை மட்டும் உதட்டு நுனியால் ஓரமாகத் தள்ளினாள்.

பக்கத்தில் அவள் குட்டி வாண்டு மண்ணில் புரண்டுகொண்டிருந்தது. அதற்கு இப்போதுதான் பல் முளைத்திருந்தது. மழை பிடித்துக்கொண்டால் ஆற்றங்கரைப் புல்லெல்லாம் தண்ணீருக்கு அடியில் போய்விடும். அப்புறம் வாண்டுவுக்கு இந்த ஒரு மூட்டைக் கொள்ளுதான் சாப்பாடு. கோடை முழுக்க யானைகளுக்கு மூங்கில் சுமந்து சேர்த்த கொள்ளு அது.

ஈ விரட்டக் காலைத் தட்டினாள் மரிக்கொழுந்து. டக் என்று ஒரு சத்தம் கேட்டது. இன்னொரு தரம் தட்டினாள். டக், டக்! இடது பின்னங்கால் லாடம் ஆடியது.

“அடடா! இதோட மூங்கில் சுமக்கப் போனா வழுக்கிவிட்டுருமே!” என்றாள்.

அடுத்த மரத்தடியில் எருமை காத்தாயி படுத்திருந்தாள். “போய் லாடம் கட்டிட்டு வா. வாண்டுவை நான் பாத்துக்கிறேன்” என்றாள்.

காத்தாயி தங்கமானவள். ஆனால் அசை போட ஆரம்பித்தால் வாய்க்குள் என்ன போகிறது என்று பார்க்கமாட்டாள். போன மாதம் மரிக்கொழுந்து விரித்துவைத்த வைக்கோல் படுக்கையையே தின்றுவிட்டாள். அதனால் மரிக்கொழுந்து கொள்ளை மூட்டை கட்டி, முதுகில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

ஆலமரத்துக்கு அடியில் இருந்தது லாடப் பட்டறை. கரடியண்ணன் உலைக்குப் பக்கத்தில் நின்று சுத்தியலால் தட்டிக்கொண்டே இருப்பார். நாளெல்லாம் சுத்தியல் சத்தத்திலேயே நின்று அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். வருகிறவர்களிடம் பேசுவதற்கென்று வாசலில் ஒரு மைனா இருந்தது. அது யாரையும் சும்மா அனுப்பியதில்லை.

“வாங்கக்கா, வாங்க! வெயில்ல வந்திருக்கீங்களே! முதல்ல நிழலுக்கு வாங்க! தண்ணி குடிக்கிறீங்களா? மோர் கொண்டுவரச் சொல்லவா?”

இத்தனை அன்பாக மரிக்கொழுந்தை யாரும் கூப்பிட்டதில்லை. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. “லாடம் ஒண்ணு ஆடுது தம்பி” என்றாள், பாதி வாய்க்குள்ளேயே.

அவள் பேசுவது எப்போதும் அப்படித்தான். முன்னே ஒருநாள் ஆற்றங்கரையில் ஏதோ சொல்லி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இடி இடிக்கிறது என்று நினைத்து எதிர்க்கரைக் கொக்கெல்லாம் பறந்துவிட்டன. அதைச் சொல்லிச் சொல்லிக் காடே சிரித்தது. அன்றிலிருந்து அவள் வாயை முழுசாகத் திறப்பதே இல்லை. யார் எது சொன்னாலும் “ம்” கொட்டிக் கேட்டுக்கொள்வாள். பேசுகிறவர்களுக்கும் அது பிடித்திருந்தது. ‘என்ன பணிவு, என்ன பொறுமை!’ என்பார்கள்.

மைனா பறந்து வந்து அவள் முதுகில் உட்கார்ந்தது. காலைப் பார்ப்பதற்கு முன்னால் மூட்டையைப் பார்த்தது. ஒரு தரம் சுற்றி நடந்து, அலகால் தட்டியும் பார்த்தது. மூட்டை நல்ல கனம்.

“அக்கா, நல்லவேளை இன்னிக்கு வந்தீங்க! நாளைக்கு வந்திருந்தா நான் பொறுப்பில்லை! நாலு லாடமும் ஒரே நாள்ல கட்டினதுதானே?”

“ம்.”

“அப்ப ஒண்ணு ஆடினா மத்த மூணும் மனசுக்குள்ளேயே ஆடிக்கிட்டிருக்கும். வெளியில தெரியாது. நாலையும் மாத்திட்டா உங்களுக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி!”

மற்ற மூன்று காலையும் ஊன்றித்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றுகூட ஆடவில்லை. அதைச் சொல்லலாமா என்று யோசித்தாள். சொல்ல வந்ததற்கு முன்னால் பழக்கம் முந்திக்கொண்டது.

“ம்...”

“கரடியண்ணே! நாலு லாடம் எடுத்துவைங்க! அக்கா சரி சொல்லிட்டாங்க!” என்று மைனா கூவியது.

‘நான் எப்போ சரி சொன்னேன்?’ மரிக்கொழுந்துக்குத் திக்கென்றது. ஆனால் மைனா அதற்குள் காதுக்குத் தாவிவிட்டது.

“அக்கா, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. இம்மாம் பெரிய காதை வச்சுக்கிட்டு மழைக்காலத்துல என்ன பண்ணுவீங்க? தண்ணி இறங்காதா?”

“ம்... இறங்கினா தலையை உதறி...”

“அதேதான்! உதறி உதறிக் கழுத்து சுளுக்கிக்கும்! கரடியண்ணே! காதுக்கு ரெண்டு தாழங்குடை! அக்கா சரி சொல்லிட்டாங்க!”

நிழலில் ஒரு செம்மறிக்கடா படுத்திருந்தது. அதன் கொம்பு இரண்டும் பளபளவென்று மின்னின. பக்கத்தில் கூலிக்குக் கொண்டுவந்த ஒரு கட்டு அகத்திக்கீரை இருந்தது.

“நீங்களும் லாடத்துக்கா வந்தீங்க அண்ணே?” என்று மரிக்கொழுந்து மெல்லக் கேட்டாள்.

“நான் குளம்பு சீவ வந்தேன் தங்கச்சி” என்றது கடா. “கொம்புக்கு மெழுகு பூசிட்டாங்க. தாடிக்கு எண்ணெய் போட்டாங்க. எனக்குத் தாடியே கிடையாது.”

“வேண்டாம்னு சொல்லலையா?”

“எங்க சொல்றது? வாயில தழை இருந்துச்சு. மெல்லும்போது எனக்குத் தலை தானா ஆடும். தலையாட்டிட்டேன்னு மைனா எடுத்துக்கிச்சு.”

இதைச் சொல்லும்போதும் கடா தழையை மென்றுகொண்டுதான் இருந்தது. தலை மேலும் கீழும் ஆடியது.

“கரடியண்ணே! கடா அண்ணனுக்கு வாலுக்கும் மெழுகு! தலையாட்டிட்டாங்க!” என்றது மைனா.

கடா பெருமூச்சு விட்டது.

மைனா இப்போது மரிக்கொழுந்தின் வால் பக்கம் போயிருந்தது. “ஐயோ அக்கா! இந்த வாலை வச்சுக்கிட்டா இத்தனை நாள் ஈ ஓட்டினீங்க? முடியெல்லாம் தேஞ்சு போச்சே! நல்ல மயில் தோகை வந்திருக்கு. கட்டிவிட்டா ஒரு வீச்சுல நூறு ஈ ஓடும். குட்டி இருக்கா வீட்டுல?”

“ம்.”

“பொண்ணா?”

“ம்.”

“அம்மா மயில் மாதிரி வந்து நின்னா பொண்ணு எவ்வளவு சந்தோஷப்படும்! கரடியண்ணே! தோகை ஒண்ணு!”

வாண்டுவின் பேச்சு வந்ததும் மரிக்கொழுந்து முதுகிலிருந்த மூட்டையைத் திரும்பிப் பார்த்தாள். தோகையைப் பார்த்து வாண்டு சிரிக்கும்தான். ஆனால் மழை கொட்டும்போது தோகையைத் தின்ன முடியுமா?

“எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு பெரிய திட்டம் இருக்கக்கா! தும்மல் வந்தாலும் பார்ப்போம், விக்கல் வந்தாலும் பார்ப்போம். உங்களுக்குன்னு தனியா சலுகை. வேற யாருக்கும் சொல்லாதீங்க. அந்த ஒரு மூட்டையோட எல்லாம் முடிஞ்சுடும்!”

‘ஒரு மூட்டையா! முழு மூட்டையுமா!’

மைனா மூட்டையின் கயிற்று முடிச்சை அலகால் கவ்வியது. முடிச்சு இளகியது. நாலு கொள்ளுமணி அவள் விலாவில் உருண்டு மண்ணில் விழுந்தது.

விழுந்த மணிகளைப் பார்த்தாள் மரிக்கொழுந்து. காலையில் கல் பொறுக்கிச் சுத்தம் செய்த மணிகள். வாண்டுவின் சின்னப் பல்லில் கல் பட்டுவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து ஒதுக்கியது. அவளுக்குக் கண் கலங்கியது. எப்படியோ தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, உதட்டைப் பிரித்தும் பிரிக்காமலும் சொன்னாள்.

“வேண்டாம்.”

சுத்தியல் சத்தத்தில் முன்பாதி கரைந்துவிட்டது. கடைசி எழுத்து மட்டும்தான் வெளியே வந்தது.

“ம்-ன்னுட்டாங்க! அக்கா ம்-ன்னுட்டாங்க! கரடியண்ணே, மூட்டையை இறக்குங்க!”

கரடியண்ணன் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பெரிய கையை மூட்டை மேல் வைத்தார்.

மரிக்கொழுந்து நான்கு காலையும் ஊன்றினாள். கழுத்தை நீட்டினாள். காது இரண்டையும் பின்னால் மடித்துக்கொண்டாள். கொக்கு பறந்தது, காடு சிரித்தது எல்லாம் ஒரு நொடி ஞாபகம் வந்தது. ‘பறந்தால் பறக்கட்டும்!’ என்று வாயைத் திறந்தாள்.

“வே...ஏ...ஏ...ஏண்...டா...ஆ...ஆ...ஆம்!”

ஆலமரத்திலிருந்து பழுத்த இலையெல்லாம் கொட்டியது. மைனா முதுகிலிருந்து உருண்டு மோர்ப் பானைக்குள் விழுந்தது. கரடியண்ணன் சுத்தியலைத் தன் கால் மேலேயே போட்டுக்கொண்டார். கடாவின் வாயிலிருந்த தழை கீழே விழுந்தது.

இப்போது எல்லோரும் சிரிக்கப் போகிறார்கள் என்று மரிக்கொழுந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

யாரும் சிரிக்கவில்லை.

“யம்மா!” என்றார் கரடியண்ணன், காலைத் தடவிக்கொண்டே. “என் காதுக்கு இன்னிக்குத்தான் ஒரு பேச்சு ஒழுங்கா கேட்டுச்சு. எதும்மா வேண்டாம்?”

“தாழங்குடை வேண்டாம்! தோகை வேண்டாம்! திட்டம் வேண்டாம்! இடது பின்னங்கால் லாடம் ஆடுது. அதை மட்டும் கட்டுங்க. அதுக்கு உண்டான கொள்ளைக் கொடுத்துட்டுப் போறேன்.”

கரடியண்ணன் காலைத் தூக்கிப் பார்த்தார். “ஒரு ஆணிதாம்மா கழண்டிருக்கு. லாடம் நல்லாத்தான் இருக்கு” என்றார். பிறகு மோர்ப் பானைப் பக்கம் திரும்பினார். “ஏன்டா, இந்தம்மா எல்லாத்துக்கும் சரி சொன்னாங்கன்னியே?”

“ம்... ம்-ன்னாங்கண்ணே” என்றது மைனா, மோரைக் கக்கிக்கொண்டே.

“கேட்டுக்கிட்டதுக்கு ம்-ன்னேன் தம்பி” என்றாள் மரிக்கொழுந்து. “கொடுக்கிறதுக்கு ம்-ங்கலை.”

அதைக் கேட்டதும் கடா எழுந்து நின்றது. வாயில் தழை இல்லை. அகத்திக்கீரைக் கட்டின் மேல் காலை வைத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல்தடவையாகத் தலையைக் குறுக்கே ஆட்டியது.

“எனக்கும் வால் மெழுகு வேண்டாம்! குளம்பைச் சீவுங்க, போதும்! அந்தத் தாடி எண்ணெயையும் எடுத்துருங்க, கண்ணெல்லாம் எரியுது!”

கரடியண்ணன் ஒரே ஒரு ஆணி அடித்தார். மரிக்கொழுந்து காலைத் தட்டிப் பார்த்தாள். சத்தமே இல்லை. ஒரு சிரட்டை கொள்ளு அளந்து கொடுத்தாள். கரடியண்ணன் அதில் பாதியைத் திரும்ப மூட்டைக்குள் போட்டு, முடிச்சை அவரே இறுக்கிக் கட்டினார்.

மைனா நனைந்த இறக்கையை உதறிக்கொண்டு வாசல்வரை கூடவே தத்தித் தத்தி வந்தது. மரிக்கொழுந்துக்கு அதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

“அக்கா, கோவமா?”

“இல்லடா. நீ நல்லாத்தான் பேசுறே. வந்தவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டுட்டுப் பேசு.”

“சரிக்கா.” மைனா கொஞ்சம் தயங்கியது. அலகைச் சொறிந்துகொண்டது. “ஆனா இவ்வளவு நல்ல குரலை இப்படியே விடலாமா? தொண்டைக்கு மலைத்தேன் ஒண்ணு வந்திருக்கு. ஒரே ஒரு சொட்டு...”

மரிக்கொழுந்து மெல்லக் கழுத்தை நீட்டி, காதைப் பின்னால் மடித்து, மூச்சை இழுத்தாள்.

“வேண்டாம்! வேண்டாம்! நானே சொல்லிட்டேன், வேண்டாம்!” என்று கத்திக்கொண்டு மைனா ஆலமரத்து உச்சிக்குப் பறந்துவிட்டது.

மரிக்கொழுந்து வாய்விட்டுச் சிரித்தாள். எங்கேயோ கொக்குகள் பறந்தன. பறக்கட்டும்.

வீட்டுக்கு வந்து மூட்டையைப் பிரித்தாள். மறுபடியும் தேக்கிலையில் கொள்ளைப் பரப்பிக் கல் பொறுக்க உட்கார்ந்தாள். வாண்டு ஆற்றங்கரையில் விளையாடிக்கொண்டிருந்தது. நடந்ததையெல்லாம் காத்தாயியிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். காத்தாயி அசை போட்டுக்கொண்டே, “ம்... ம்... ம்...” என்று கேட்டாள்.

“அக்கா, இது கேக்குற ‘ம்’-ஆ, வேற ‘ம்’-ஆ?”

“கேக்குற ‘ம்’ தான்டி. அப்படியே அந்தக் கொள்ளுல ரெண்டு வாய்...”

“வேண்டாம்க்கா!” என்றாள் மரிக்கொழுந்து, சிரித்துக்கொண்டே, கணீரென்று. காத்தாயி ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வாயிலிருந்ததையே மெல்ல ஆரம்பித்தாள்.

“பாத்தீங்களா, இவ்வளவுதான் விஷயம்” என்றாள் மரிக்கொழுந்து, ஒரு கல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு. “அடுத்தவங்க பேசினா மரியாதைக்கு ‘ம்’ கொட்டிக் கேட்டுக்கலாம். ஆனா நமக்கு வேண்டாததை வேண்டாம்னு வாயைத் திறந்து, காதுல விழுற மாதிரி சொல்லிடணும். என் குரல் நல்லா இல்லையே, நாலு பேர் சிரிப்பாங்களேன்னு கூச்சப்பட்டுக்கிட்டு நின்னோம்னா, கடைசியில நம்ம குட்டிங்கதான்...”

“அம்...ம்...மா...ஆ...ஆ!” என்று ஆற்றங்கரையிலிருந்து வாண்டு கூப்பிட்டது. அச்சு அசல் அம்மாவின் குரல். கொக்கெல்லாம் மறுபடியும் பறந்தன.