வில்சனுக்குப் போட்ட பக்கம்

குருவுக்கு வயது இருபத்தேழு. சீடருக்கு அறுபத்திரண்டு. தூத்துக்குடியில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஷாகிரா நடத்தும் கம்ப்யூட்டர் வகுப்பில், ஓய்வு பெற்ற லைன்மேன் ஆறுமுகநயினார் முன்வரிசையில் கைகட்டித்தான் உட்காருவார்.

அவர் வெப்சைட் போடக் கற்றுக்கொண்டது ஒரே ஒரு ஆளுக்காக. போன வருஷம் மனைவி சிவகாமிக்கு ஆபரேஷன் நடந்தபோது, முன்பின் தெரியாத வில்சன் என்கிற கப்பல்காரப் பிள்ளை ஓடி வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனான். அவன் நம்பர் இவரிடமும் இவர் நம்பர் அவனிடமும் இருந்தது. ஆனால் போனை எடுப்பார், நம்பரைப் பார்ப்பார், திரும்ப வைத்துவிடுவார். பேசத்தான் முடியவில்லை, ஊர் உலகம் பார்க்கிற மாதிரி எழுதியாவது போடலாம் என்று முடிவு செய்தார். தங்கமான மனுஷன், கூச்சம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

சிவகாமியின் போட்டோவோடு நன்றிப் பக்கம் தயாரானது. "ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தீர்களே, அந்த ஆறுமுகநயினார். இதைப் பாருங்கள்" என்று மட்டும் எழுதி, அந்தப் பக்கத்தின் முகவரியை வில்சனுக்கு அனுப்பினார்.

பதில் உடனே வந்தது. "ஐயா, ஒண்ணும் வரலையே. இன்னும் கொஞ்ச நேரத்துல கப்பல் கெளம்பிரும். அப்புறம் கரைக்கு வந்தாத்தான் நெட்."

ஆறுமுகநயினாருக்கு வியர்த்துவிட்டது.

"டீச்சர், எனக்கு நல்லாத் தெரியுதே! நேத்தே சேவ் பண்ணிட்டேனே! அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் வரல?"

ஷாகிரா குனிந்து நெட் வயரைப் பிடுங்கினாள்.

"இப்ப மூடிட்டுத் திறங்க அண்ணாச்சி."

திறந்தார். சிவகாமி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"வயரே இல்ல, அப்பவும் வருதே!" லைன்மேனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எங்கேருந்து வருது?"

அவர் கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "இதுக்குள்ளேருந்துதான்."

"ஹோஸ்டிங்ல, அதான் நெட்ல இருக்குற கம்ப்யூட்டர்ல, ஏத்தினீங்களா?"

"இல்ல டீச்சர். சேவ் போட்டா அதுவே அங்க போயிரும்னு நெனச்சேன்."

ஷாகிரா வயரை மாட்டினாள். மவுஸை மட்டும் தொடவில்லை. பாஸ்வேர்டைத் தப்பும் தவறுமாக அடித்து, ஒருவழியாக உள்ளே போய், ஃபைல்களை அவரே ஏற்றினார். எழுத்து ஏறியது. போட்டோவும் ஏறியது. வில்சனுக்கு மறுபடி செய்தி போட்டுவிட்டு, போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. துறைமுகத்துச் சத்தத்துக்கு நடுவில் வில்சன் கத்தினான்.

"ஐயா, பார்த்துட்டேன்! அம்மா நல்லா இருக்காங்களே! ஒரு வருஷமா எனக்கு இது தெரியாதுய்யா. அம்மா பொழைச்சாங்களான்னு உங்ககிட்ட கேக்கப் பயமா இருந்துச்சு. இப்ப நிம்மதியாக் கப்பல் ஏறுறேன்."

ஆறுமுகநயினார் அழுதார். அழுதுகொண்டே நன்றி சொன்னார். லைன் அறுந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குருவிடம் திரும்பினார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். இந்த ஒரு வருஷமும் காலையில கண்ணு முழிச்சா மொதல்ல அந்தப் பிள்ளையத்தான் நெனைப்பேன். நல்லா இருப்பான்னு மனசார வாழ்த்துவேன். அதெல்லாம் அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்லா?"

ஷாகிரா அவரைப் பரிவோடு பார்த்தாள்.

"போய்ச் சேர்ந்திருந்தா, இந்த ஒரு வருஷமா அவரு உங்ககிட்ட கேக்கப் பயந்திருப்பாரா அண்ணாச்சி?"